டாக்டர் நோயல் ஷவாஸ்

வாள் கொண்டு புகழெய்தினோர் சரித்திரத்தில் அநேகர். வாளைக் கையாலும் தொடாது, காயம் கட்டும் துணிச் சுருளும் கத்தரியுமே ஆயுதமாகக் கொண்டு, போர்க்களத்தில் வீரருள் வீரரெனப் பெயர்பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் நோயல் காட்பிரி ஷவாஸ் என்னும் இளம் வைத்தியர். யுத்த மேகம் ஐரோப்பாவின்மீது கவியத் தொடங்கிய நாட்களில், கல்வி பயிலும் வாலிபர் பலர் சேமப் படைகளிற் சேர்ந்தனர். அவருள் இவரும் ஒருவர். அச்சேர்க்கை இவரை எங்கே கொண்டுசென்றது என்பதை நம் கலாசாலை வாலிபர் அறிதல் நன்று.

இவர் 1884-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 9-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். கிறிஸ்தோபர் என்பவர் இவருடன் பிறந்த இரட்டையர். தந்தையார் பிரான்சிஸ் ஜேம்ஸ் ஷவாஸ் அந்நகரில் ஓர் ஆலயத்தின் குருவாயிருந்து, பின்பு விக்ளிப் மண்டபம் என்னும் வேதசாஸ்திரக் கலாசாலையின் தலைவராகி, 1900-இல் லிவர்பூல் அத்தியட்சராக நியமிக்கப்பெற்றவர். அதனால் குடும்பம் முழுவதும் அத்துறைமுகப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. காலையும் மாலையும் ஜெபம் நீங்காத அவ்வில்லத்தில், பிள்ளைகள் கல்வியைப் போலவே பிறர்க்குழைத்தலையும் கடமையாகக் கற்றனர். நோயல் ஒழிந்த வேளைகளில், ஏழைச் சிறுவர் பயின்ற ஒரு தொழிற்பள்ளிக்குச் சென்று, அவர்க்கு வேதபாடம் சொல்லியும் அவரோடு கூடி விளையாடியும் அன்பு பாராட்டி வந்தார்.

1904-இல் சகோதரர் இருவரும் ஆக்ஸ்போர்டு திரித்துவக் கல்லூரியிற் புகுந்தனர். உருவத்தில் ஒருவரையொருவர் பிரித்தறிய இயலாத அவ்விருவரும் ஓட்டப் பந்தயத்திலும் இணைபிரியாதிருந்தனர். 1907-இல் நோயல் பரீட்சையில் முதல் வகுப்பிலே தேறினார், கிறிஸ்தோபர் தோல்வியுற்றார். தம்மிருவர் நிலையும் வேறாயினமை கண்டு நோயல் தம் வெற்றியில் மகிழ்வுறாது வருந்தினாரென்பர். 1908-இல் லண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டில் இருவரும் 400 மீட்டர் ஓட்டத்தில் தம் நாட்டின் சார்பாக ஓடினர். முதற் சுற்றுக்குமேல் செல்லும் பேறு இருவர்க்கும் வாய்க்கவில்லை.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையைச் சிறிது கூறுதல் அவசியம். ஜெர்மனி தன் கடற்படையைப் பெருக்கிவந்தது. பிரிட்டனிலோ கட்டாயப் படைச் சேவை இல்லை. நிரந்தர சேனையும் சிறிது. ஆகவே யுத்த மந்திரியாயிருந்த ஹால்டேன் பிரபு பழைய தொண்டர் படைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, 1908-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி டெரிட்டோரியல் சேனை என்னும் சேமப் படையை நிறுவினார். இதிற் சேர்ந்தோர் தம் தம் தொழிலை விடாமல், மாலை வேளைகளில் பயிற்சி செய்து, கோடைதோறும் கூடாரமிட்டு முகாமிற் பழகுவர். சொந்த நாட்டைக் காப்பதே இவர் கடமை. கடல் கடந்து போர்புரிய இவரைக் கட்டாயப்படுத்த இயலாது. சர்வகலாசாலைகளிலும் பள்ளிகளிலும் அதிகாரிப் பயிற்சிப் படைகள் அதே வருஷத்தில் அமைக்கப்பெற்றன. மாணவருள் சிலர் தேசபக்தியாலும், சிலர் குதிரையேற்றத்திலும் முகாம் வாழ்விலும் கொண்ட ஆசையாலும், சிலர் நண்பர் சேர்ந்தமையாலும் இவற்றிற் பெயர் பதிவு செய்தனர். இக்கையெழுத்தின் விலை இன்னதென அந்நாளில் அறிந்தோர் மிகச் சிலரே.

நோயல் 1909-ஆம் வருஷம் ஜனவரியில் ஆக்ஸ்போர்டுப் பயிற்சிப் படையின் வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். பின்பு லிவர்பூலிற் கல்வியைத் தொடர்ந்து, எலும்பு முடச் சிகிச்சையில் புகழ்பெற்ற ராபர்ட் ஜோன்ஸ் என்பாரிடம் பயின்று, 1912-இல் வைத்தியராகப் பதிவு பெற்றார். மறுவருஷம் ஜூன் 2-ஆம் தேதி, லிவர்பூல் ஸ்காட்டிஷ் என வழங்கிய டெரிட்டோரியல் பட்டாளத்தில் வைத்திய அதிகாரியாக நியமனம் பெற்றார். அப்பட்டாளத்தார் பெரும்பாலும் அந்நகரத்துக் கணக்கர்களும் அலுவலகப் பணியாளருமே. ஆஸ்பத்திரிப் பணி பகலில். பட்டாளப் பணி ஓய்வில். இவ்வாறு ஓராண்டு கழிந்தது.

1914-ஆம் வருஷம் ஆகஸ்டு 4-ஆம் தேதி பிரிட்டன் யுத்தத்திற் பிரவேசித்தது. பட்டாளத்தாரைக் கடல் கடந்து செல்ல இசைவீர்களாவென்று கேட்டபொழுது பெரும்பாலோர் இசைந்தனர். நவம்பர் மாதத் தொடக்கத்திற் கப்பலேறி அவர்கள் பிரான்சை அடைந்தனர். பிரிட்டிஷ் பிரதான சேனைக்குத் துணையாகக் களம் புகுந்த முதல் டெரிட்டோரியல் பட்டாளங்களுள் அதுவும் ஒன்று.

அவ்வருஷத்துக் குளிர்காலத்தில் பகைவர் குண்டுகளைவிடச் சேறும் பனியுமே அதிகம் பேரை வீழ்த்தின. முழங்கால் அளவு நீர் நின்ற அகழிகளில் பல நாள் நின்றவர்களுக்குப் பாதங்கள் வீங்கி அழுகத் தொடங்கின. நம் வைத்தியர் அவர்கள் கால்களைத் தாமே பார்வையிட்டு, உலர்ந்த காலுறைகள் அனுப்புமாறு வீட்டாருக்கு எழுதி வருவித்துப் பங்கிட்டார். குடிநீரின் தூய்மை, உணவு, உறைவிடம், ஓய்வு இவையனைத்தையும் தம் பொறுப்பாகக் கொண்டார். மனமுடைந்து நடுங்கியவர்களைக் கோழையரென இகழாது, தம்மருகே இருத்தி, இலேசான வேலை கொடுத்துத் தேற்றினார். வீரச்செயல் ஒன்றைக் காட்டுதற்கு முன்னே, மாதக்கணக்காக இச்சிறு கடமைகளை அவர் செய்துவந்தார்.

1915-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரையடுத்த ஹூஜ் என்னுமிடத்தில் அப்பட்டாளம் பெரும் போரிற் புகுந்தது. சென்றவர் சுமார் 540. மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனவர் 400. கணக்கெழுதிய கரங்களும் கடையிற் பணிபுரிந்த கரங்களும் ஒரே பகலில் ஓய்ந்தன. ஷவாஸ் அந்நாளில் இரு அணிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் காயமுற்றோரைத் தேடித் திரிந்து மீட்டமைக்காக மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார்.

1916-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி சோம் யுத்தத்திற் கிய்மோன் கிராமத்தருகே தாக்குதல் நிகழ்ந்தது. பகல் முழுதும் பகைவர் கண்ணுக்கெதிரே காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார். இரவில் பகைவர் அகழிக்கு முன்னுள்ள நிலத்தில் நான்கு மணி நேரம் தேடினார். மறுநாள் ஒரு தூக்குக் கட்டிற்காரரோடு முன்னணிக்குச் சென்று, குண்டு மாரிக்கிடையே ஒருவரை 500 கஜ தூரம் சுமந்துவந்தார். வழியில் குண்டுச் சிதறல் ஒன்று அவர் விலாவிற் பட்டது. அன்றிரவே, தாமாக முன்வந்த இருபது பேருடன் மீண்டும் சென்று, பகைவரினின்று 25 கஜ தூரத்திலிருந்த குழியிற் கிடந்த மூவரை மீட்டார். இறந்தோர் இருவரை அடக்கம் செய்து, வீழ்ந்தோரின் அடையாள வில்லைகளையும் சேகரித்தார். மகன் என்னவானான் என்று ஏங்கும் தாய்க்கு அவ்வில்லையே விடையாகும். அந்நாட்களில் அவரால் உயிர் தப்பினோர் சுமார் இருபதின்மர். இதற்காக விக்டோரியா கிராஸ் என்னும் உயரிய விருது அவருக்கு அளிக்கப்பெற்றது.

அவ்வளவோடு அமைந்து, பின்னணி ஆஸ்பத்திரியொன்றில் அவர் பணிபுரிந்திருக்கலாம். குறை சொல்வார் எவருமிலர். திருமணமும் நிச்சயமாகியிருந்தது. எனினும் தம் பட்டாளத்தாரைப் பிரிய அவர் மனம் ஒப்பவில்லை. 1917-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஈப்பரின் மூன்றாம் பெரும் போர் தொடங்கியது. வீல்ட்ஜே என்னுமிடத்தருகே, காயமுற்ற ஒருவரைத் தூக்கிவருகையில், அவர் தாமே தலையிற் காயமுற்றார். கட்டுப் போட்டுக்கொண்டு பணிக்குத் திரும்பினார். இடைவிடாத மழை, நிலமெல்லாம் சேறு. உண்ண உணவின்றி, உறக்கமின்றி, இரண்டு நாள் காயமுற்றோரைத் தேடியெடுத்துச் சிகிச்சை செய்தார். ஆகஸ்டு 2-ஆம் தேதி விடியுமுன் அவர் இருந்த சிகிச்சைக் குழியினுள்ளே ஒரு குண்டு பாய்ந்து வெடித்தது. வயிற்றில் கொடுங்காயமுற்ற அவரைப் பிராண்ட்ஹோக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். 4-ஆம் தேதி, பிரிட்டன் யுத்தத்திற் பிரவேசித்து மூன்றாண்டு நிறைவுற்ற அந்நாளிலேயே, உயிர் நீத்தார். வயது 32.

செப்டம்பரில் இரண்டாம் முறையாக விக்டோரியா கிராஸ் அவர் பெயருக்கு அறிவிக்கப்பெற்றது. இவ்விருதை இருமுறை பெற்றோர் சரித்திரத்தில் மூவரே. அவருள் முதல்வரான ஆர்தர் மார்ட்டின் லீக் என்பாரும் வைத்தியரே. இந்தியாவில் பெங்கால் நாகபுரி ரெயில்வேயிற் பணிபுரிந்தவர். இருமுறை பெற்ற மூவரில் இருவர் உயிர் கொல்லச் செல்லாது உயிர் காக்கச் சென்றவர் என்பது சிந்திக்கத் தக்கது.

லிவர்பூல் அத்தியட்சர் இல்லத்துக்கு அவ்வருஷம் இரட்டைத் துயரம். இளைய மகன் எய்டன் முந்தின மாதமே களத்திற் காணாமற்போயிருந்தார். இரட்டைச் சகோதரர் கிறிஸ்தோபர் சேனைக் குருவாயிருந்து உயிரோடு மீண்டு, பின்பு தந்தையார் எண்ணப்படி ஆக்ஸ்போர்டில் 1929-இல் நிறுவப்பெற்ற பரிசுத்த பேதுரு மண்டபத்தின் முதல் தலைவரானார். தந்தையார் ஒருகால் குருவாயிருந்த ஆலயமே அக்கலாசாலையின் சிற்றாலயமாயிற்று. பிராண்ட்ஹோக்கில் நோயலின் கல்லறைக் கல்லில் இரண்டு விக்டோரியா கிராஸ் சின்னங்கள் செதுக்கப்பெற்றுள்ளன.

யுத்தம் நல்லதென்று இச்சரிதம் கூறவில்லை. ஹூஜ் வெளியில் வீழ்ந்தவர்கள் முகாமின் மகிழ்ச்சியை நாடிப் பெயர் கொடுத்த வாலிபரே என்பதை மறத்தலாகாது. படையிற் சேர்வோர் மட்டுமன்றி, சேர்க்கும் பெரியோரும் அதனை எண்ணிப் பார்த்தல் கடன். எனினும் கையெழுத்திட்ட பின் ஒருவன் எப்படி நடக்கவேண்டுமென்பதற்கு ஷவாஸ் ஓர் அளவுகோல். அவர் தம்மை நாட்டுக்குக் கொடுத்தபோது, தம் தொழிலையும் தம் விசுவாசத்தையும் அதனின்று பிரித்து வைக்கவில்லை. கொலைக் களத்தின் நடுவே கூடக் குணப்படுத்துவோனாகவே இருந்தார். அமைதிக் காலத்தில் ஏழைச் சிறுவரிடம் காட்டிய அன்பே அபாய காலத்தில் வீரமாக உருக்கொண்டது. அவ்வன்பைப் பழகுதற்கு நாம் யுத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.