விடத் தெரிந்த தலைமை

திருக்குறளிற் காலமறிதல் அதிகாரத்தை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம் யான் நினைந்துகொள்ளும் பெண்ணொருத்தி உளள். அவள் அரசியல்லள், தென்சீனக் கடற்கொள்ளைக்காரர்க்குத் தலைவி. இயற்பெயரால் அவளை அறிவார் சிலரே. செங் யீயின் மனைவி என்றே வரலாறு வழங்குகின்றது.

அவனை அவள் 1801 இல் மணந்தாள். சிதறிக் கிடந்த கொள்ளைக் கூட்டங்கள் 1805 இல் ஓருடன்படிக்கையால் ஒன்றாயின; நிறக்கொடிகளே அவற்றின் அடையாளம். 1807 இல் கணவன் மாண்டான். தலைவனை இழந்த கூட்டத்திற் பூசல் விளைதல் இயல்பன்றோ? அவளோ கணவனின் சுற்றத்தாரைத் தன்வயப்படுத்தினாள். வளர்ப்பு மகனாகிய சாங் பாவோவிடஞ் செங்கொடிப் படையை ஒப்புவித்தாள். பின்னர் அவனையே மணந்தாள். கட்டளை மீறினோர்க்கும் பொதுப்பொருளைத் திருடினோர்க்கும் மரணமே தண்டம்.

ஆயினும் பொறாமை உள்ளே புகைந்தது. 1809 இற் பகைவர் சாங் பாவோவைச் சூழ்ந்தபோது கருங்கொடித் தலைவன் குவோ போதாய் துணைக்கு வந்திலன். பின் அவனோடு பொருது, 1810 சனவரியில் அரசிடஞ் சரணடைந்தான். கூட்டம் உடைவதை அவள் உணர்ந்தாள். முன்னர் நிகழ்ந்த சமாதானப் பேச்சு முறிந்திருந்தது. போனால் மீள்வதற்கும் உறுதியில்லை. எனினும் அவ்வாண்டு ஏப்பிரிலிற் படைக்கலமின்றி, பெண்டிருஞ் சிறாருஞ் சூழ, கன்ரன் நகரிலே தேசாதிபதியிடஞ் சென்று பேசினாள். 17,000 பேருக்கு மேற்பட்டோர் பணிந்தனர். சாங் பாவோ அரசுப் படையில் அதிகாரியானான். அவள் 1844 வரை வாழ்ந்தாள்.

கொள்ளையை யான் புகழேன். அவர்களால் எரிந்த ஊர்கள் பல. ஆயினும் தலைமையைப் பற்றுங் காலத்தை அறிவார் பலர். விடுங் காலத்தை அறிவார் அரியர்.