ஜேம்ஸ் ஜூல்

அறிவியல் பாடத்தில் வேலைக்கும் ஆற்றலுக்கும் நீங்கள் எழுதும் அலகு ஒரு மனிதரின் பெயர். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், மதுபான ஆலை உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். ஆயினும் அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனிடம் பாடம் கேட்டார்.

வெப்பம் ஒருவகைப் பாய்மம் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். வேலையே வெப்பமாக மாறுகிறது என்றார் ஜூல். நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். கயிற்றில் தொங்கிய எடைகள் கீழிறங்க, சக்கரம் சுழன்று நீரைக் கலக்கியது. எடைகளை மீண்டும் மீண்டும் மேலேற்றி, இருபது முறை இறக்கியும் நீரின் வெப்பம் ஒரு பாகைகூட உயரவில்லை. அச்சிறு மாற்றத்தையும் அவர் அளந்தார். ஆலையில் வெப்பநிலைமானியோடு பழகிய கை அல்லவா!

அறிஞர்கள் தயங்கினர். 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய அவையில் சுருக்கமாகப் பேசுமாறு அவரைப் பணித்தனர். அங்கிருந்த இளைஞர் வில்லியம் தாம்சன் அதில் ஈடுபாடு கொண்டார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர் இவரே. அவருக்கும் ஐயம் தீரச் சில ஆண்டுகள் ஆயின.

1889இல் ஜூல் மறைந்தார். அவருடைய கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்ற, ஒரு பவுண்டு எடை அத்தனை அடி கீழிறங்க வேண்டும்.