ஐடா ஸ்கட்டர் அம்மையார்

கலாசாலையிற் புகும் மாணாக்கர் பலர், இன்ன படிப்பைப் படித்து இன்ன தொழிலில் அமர்வதென முன்னரே வரையறுத்துக்கொள்கின்றனர். இடையில் அவ்வெண்ணம் மாற நேரின், காலம் வீணாயிற்றே என்று உளம் வாடுகின்றனர். தென்னேரி போன்ற ஏரிக்கரைச் சிற்றூர்களிலிருந்து பெற்றோர் பெரும்பாடுபட்டு அனுப்பும் பிள்ளைகட்கு இவ்வாட்டம் இன்னும் மிகுதி. அன்னார் அறியத்தக்கதோர் வாழ்க்கை, நம் தொண்டைநாட்டு வேலூரில் பணிபுரிந்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரது வாழ்க்கையாகும்.

இவ்வம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819-ல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் வைத்திய ஊழியம் புரிந்தவர். தந்தையாரும் வைத்தியரே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தின் துயரை ஐடா இளமையிலேயே கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று, மாசசூஸெட்ஸ் மாகாணத்து நார்த்பீல்டு பெண்கள் கல்விச்சாலையிற் பயின்றார். வறுமையும் நோயும் மலிந்த இந்நாட்டு வாழ்வை அவர் விரும்பினாரில்லை. குலத்தொழில்போலாகிவிட்ட மிஷன் ஊழியத்தை ஏலாது, அமெரிக்காவிலேயே இனிது வாழ்வதென உறுதிகொண்டிருந்தார்.

1890-ல் தாயார் நோயுற்றமையால், சிலகாலம் உடனிருந்து உதவித் திரும்பிவிடும் எண்ணத்துடன் திண்டிவனம் வந்தார். ஆங்கு ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து அவரது உதவியை நாடினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகமதியர், மற்றவரும் ஓர் இந்து கனவான். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையார் செல்லச் சித்தமாயிருந்தும், ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிர்க்கு வைத்தியம் செய்வதற்கு அம்மூவரும் உடன்படவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். பொழுது புலர்ந்தபின், மூன்று பெண்களும் இறந்துபட்ட செய்தி வந்தது. உறக்கமின்றி அவ்விரவைக் கழித்த அவர், தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று மீள்வதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

1895-ல் பிலடெல்பியா மகளிர் வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார். நியூயார்க்கிலிருந்த கார்னெல் வைத்தியக் கலாசாலை பெண்களுக்கும் இடமளித்தபோது, அங்கு மாறிச் சென்று 1899-ல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் செல்வர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்டுதற்பொருட்டு அவரிடம் 10,000 டாலர் அளித்தார். 1900-ல் ஐடா வேலூர் சேர்ந்து, தம் இல்லத்திலேயே நோயாளரைக் கவனிக்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். எனினும் அவர் தளர்ந்தாரில்லை. 1902-ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது. குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்திக் கிராமத்தாருக்கும் மருந்தளித்துவந்தார்.

தாம் ஒருவரே செய்யும் வைத்தியம் கடலிற் கரைத்த பெருங்காயம் போலாதலை உணர்ந்து, 1909-ல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் நிறுவினார். பிற்காலத்தில் அப்பள்ளியின் எல்.எம்.பி. படிப்பு போதாதென்று அரசாங்கத்தார் விதித்தமையால், பள்ளியே மூடப்படும் நிலை நேர்ந்தது. எழுபது வயது கடந்த அம்மையார் அமெரிக்காவில் ஊர்தோறும் சென்று பொருள் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பிற்கு அனுமதி கிடைத்தது. பெண்களுக்கெனவே தோன்றிய அக்கலாசாலை 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

மாணாக்கரே! அம்மையார் எத்தொழிலினின்று விலகி ஓட எண்ணினாரோ, அதனையே நெடுங்காலம் உவந்து செய்தார். மனம் மாறியபின்னும் அவருக்கு எதுவும் எளிதில் வாய்க்கவில்லை. கல்வியை முதலிலிருந்து தொடங்கினார். நடுவிற் கலாசாலையும் மாறினார். முதலிற் கொண்ட எண்ணம் அவரது சுகத்தைக் கருதியது; பின்னர்க் கொண்டதோ பிறர் துன்பத்தைக் கண்டு எழுந்தது. நும் படிப்பு மாறுங்கால், இழந்தது யாதென எண்ணி வருந்துவதை விடுத்து, நும்மை நாடி வாயிலில் நிற்பவர் யாவரென நோக்குவீராக.