மூவாயிரத்தோடு நின்ற கணக்கு



உங்களுக்குப் பிடித்த கிரிக்கெட் வீரர் 99 ரன்னில் நிற்கும்போது உங்களுக்கு எப்படிப் படபடக்கும்! நகத்தைக் கடித்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள், இல்லையா? 1972ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் அப்படித்தான் ஒரு மனிதருக்காகப் படபடத்துக் கொண்டிருந்தது. அவர் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே. பேஸ்பால் வீரர். அவருடைய கணக்கு அப்போது 2,999ல் நின்றது.

எதனுடைய கணக்கு? அதைச் சொல்வதற்கு முன் பேஸ்பால் விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பேஸ்பாலிலும் ஒருவர் பந்து எறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் மட்டை உலக்கை போல உருண்டையாக இருக்கும். பந்து தரையில் குத்தி எழும்பாது. நேராகக் காற்றில் சீறிக்கொண்டு வரும். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். பேஸ்பாலில் முன்பக்கம் அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். 90 அடி தூரத்தில் ‘முதல் பேஸ்’ என்ற இடம் இருக்கிறது. நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் எதிரணியினர் பந்தைச் சேர்த்துவிட்டால் அவுட். பந்துக்கு முன் நீங்கள் சேர்ந்துவிட்டால் அது ஒரு ‘ஹிட்’.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிரணி ஆட்டக்காரர் சுலபமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்டு, அதனால் நீங்கள் பிழைத்தால் அது ஹிட் ஆகாது. அவருடைய பிழை என்று எழுதிவிடுவார்கள். இதைத் தீர்மானிப்பதற்கென்றே மைதானத்தில் கணக்கர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடித்தாலே சிறந்த ஆட்டக்காரர் என்பார்கள். அவ்வளவு கடினமான ஆட்டம்! அப்படியானால் 3,000 ஹிட் அடிக்க எத்தனை காலம் ஆகும்? ஆண்டுக்கு 200 வீதம் அடித்தாலும் 15 ஆண்டுகள். அமெரிக்காவின் பெரிய போட்டிகள் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1972 வரை பத்தே பத்து பேர்தான் அந்த உயரத்தைத் தொட்டிருந்தார்கள். பதினோராவது ஆளாகக் கிளெமென்டே நின்றுகொண்டிருந்தார்.

அவர் பிறந்த ஊர் கரோலினா. கரிபியக் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவில் உள்ளது. பிறந்த நாள் 1934 ஆகஸ்ட் 18. வீட்டில் கடைக்குட்டி. அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்தார். பந்து வாங்கக் காசு ஏது? கொய்யா மரக் கிளைதான் மட்டை. பழைய கோல்ஃப் பந்தின் மேல் நூலைச் சுற்றினால் அதுதான் பந்து. (தென்னை மட்டையில் பேட் செய்து ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) பள்ளியில் அவர் ஈட்டி எறிதலிலும் கெட்டிக்காரர். மைதானத்தின் வலது கோடியில் நின்று, ஓடுகிறவரை அவுட்டாக்க அவர் பந்தை எறியும் வேகத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் எல்லோரும் வாய் பிளந்தார்கள். அந்தக் கை ஈட்டி எறிந்து பழகிய கை!

1955ஆம் ஆண்டு, 20 வயதில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடத் தொடங்கினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவர் அவருடைய கார் மீது மோதியிருந்தார். அந்த விபத்தில் வந்த முதுகுவலி கடைசிவரை அவரை விடவில்லை.

முதுகுவலியை விடப் பெரிய வலி ஒன்றும் காத்திருந்தது. கிளெமென்டே கறுப்பு நிறத்தவர். தாய்மொழி ஸ்பானிஷ். அணி பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போகும். அங்கே அந்தக் காலத்தில் வெள்ளை நிறத்தவருக்கு ஒரு சட்டம், கறுப்பருக்கு ஒரு சட்டம். வெள்ளை ஆட்டக்காரர்கள் நல்ல விடுதியில் தங்குவார்கள். கறுப்பர்களுக்கு அங்கே இடமில்லை. வழியில் சாப்பாட்டுக் கடை முன் பேருந்து நின்றால், வெள்ளையர்கள் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கறுப்பு ஆட்டக்காரர்கள் பேருந்திலேயே காத்திருக்க, யாராவது வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரே அணி, ஒரே சட்டை! கிளெமென்டே இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அப்படி வரும் சாப்பாட்டை வாங்கக் கூடாது என்று தோழர்களிடம் சொன்னார். நிர்வாகத்திடம் சண்டை பிடித்தார். கடைசியில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்கென்று நிர்வாகம் தனி வண்டி கொடுத்தது. அது முழு நியாயம் இல்லைதான். ஆனாலும் பேருந்தில் பசியோடு காத்திருக்கும் அவமானம் தீர்ந்தது.

அவர் ஆங்கிலம் பேசினால் அந்த உச்சரிப்பை அப்படியே எழுத்துக்கூட்டிப் பத்திரிகையில் போட்டுக் கேலி செய்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். ராபர்ட்டோ என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்றோ என்னவோ, அவரைப் ‘பாப்’ ஆக்கிவிட்டார்கள். படம் போட்ட அட்டைகளில்கூடப் ‘பாப் கிளெமென்டே’ என்றே பல ஆண்டுகள் அச்சடித்தார்கள். என் பெயர் ராபர்ட்டோ என்று அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் பெயரை ஒருவர் வேண்டுமென்றே மாற்றிக் கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அவருடைய முழுப்பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். இதை ஆங்கில எழுத்தில் எழுதினால் முதல் பெயரில் 7, அடுத்ததில் 8, கடைசியில் 6 எழுத்துகள் வரும். கூட்டுங்கள் பார்க்கலாம். 21! அவர் சட்டையில் இருந்த எண்ணும் 21தான். பெயரின் எழுத்துகளை எண்ணித்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வார்கள்.

அவருடைய சாதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் தம் லீக்கின் முதல்நிலை மட்டையாளர். 1966ல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது, 1961 முதல் 1972 வரை இடைவிடாமல் 12 முறை. 1960, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவருடைய அணி சாம்பியன் ஆனது. அந்த இரண்டு இறுதித் தொடர்களிலும் ஏழேழு ஆட்டங்கள். பதினான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூட ஹிட் அடிக்காமல் அவர் திரும்பவில்லை! 1971 தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அப்போது அவருக்கு 37 வயது.

இப்போது 1972க்கு வருவோம். அந்த ஆண்டு தொடங்கும்போது கிளெமென்டேயின் கணக்கு 2,882. மூவாயிரத்துக்கு இன்னும் 118 வேண்டும். அவரைப் போன்றவருக்கு அது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் சில ஆட்டங்கள் ரத்தாகின. பிறகு உடல்நலக் குறைவு, கால் வலி என்று மாற்றி மாற்றித் தொந்தரவு. அணி ஆடிய 155 ஆட்டங்களில் அவரால் 102ல்தான் ஆட முடிந்தது. நாள்கள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்து, செப்டம்பர் 28 அன்று வெளியூரில் 2,999ஐத் தொட்டார். அதோடு அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அடுத்ததைச் சொந்த ஊர் மக்கள் முன்னால் அடிக்கட்டும் என்றுதான்!

மறுநாள் பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். எதிரில் நியூயார்க் மெட்ஸ் அணி. பந்து எறிபவர் டாம் சீவர், அந்தக் காலத்தின் சூரர்களில் ஒருவர். கிளெமென்டே அடித்தார். பந்து துள்ளிக்கொண்டு போனது. எதிரணி ஆட்டக்காரரின் கையுறையில் பட்டு நழுவியது. கிளெமென்டே முதல் பேஸைத் தொட்டுவிட்டார். பலகையில் ஹிட் என்று விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஆனால் சில நொடிகளில் விளக்கு மாறியது. ஹிட் இல்லை, எதிரணியின் பிழை! நான் முதலில் சொன்ன நுணுக்கம் நினைவிருக்கிறதா? கணக்கர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று கிளெமென்டேக்கு வேறு ஹிட்டும் கிடைக்கவில்லை. கோபத்தோடுதான் வீடு திரும்பினார். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கர் நல்ல காரியம்தான் செய்தார். அப்படிச் சந்தேகத்தோடு ஒரு மூவாயிரம் வந்திருந்தால் அது காலமெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

செப்டம்பர் 30, சனிக்கிழமை மதியம். மைதானத்தில் சுமார் 13,000 பேர்தான். நான்காவது இன்னிங்ஸ். ஜான் மேட்லாக் எறிந்த பந்தை ஓங்கி அடித்தார் கிளெமென்டே. பந்து இடப்பக்கத் தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்து சுவர் வரை ஓடியது. அவர் முதல் பேஸைத் தாண்டி இரண்டாவது பேஸில் போய் நின்றார். இந்த முறை கணக்கருக்கு யோசிக்க எதுவும் இல்லை. மூவாயிரம்! கிளெமென்டே இரண்டாவது பேஸில் நின்றபடியே தலைக்கவசத்தைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். எதிரணியில் இருந்த வில்லி மேஸ், முன்பே மூவாயிரத்தைத் தொட்டவர், தேடி வந்து கை குலுக்கினார்.

அடுத்த சில நாள்களில் லீக் ஆட்டங்கள் முடிந்தன. அவற்றில் கிளெமென்டே மறுபடி மட்டை பிடிக்கவில்லை. ஓய்வெடுக்கட்டும், அடுத்த ஆண்டு மூவாயிரத்து ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் இளம் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு நிகரகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவாவுக்குப் போனார். அங்கே ஓர் உலகப் போட்டி. ஆட்டம் இல்லாத நேரத்தில் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். கால்களை இழந்த ஒரு சிறுவனுக்குச் செயற்கைக் கால்கள் பொருத்த ஏற்பாடு செய்துவிட்டு ஊர் திரும்பினார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 23 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் மனாகுவாவைப் பூகம்பம் தாக்கியது. நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். தான் நடந்த தெருக்கள், பழகிய முகங்கள் என்ன ஆயினவோ என்று கிளெமென்டே துடித்துப் போனார். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை மறந்துவிட்டு நிவாரணப் பொருள் திரட்டத் தொடங்கினார். உணவு, உடை, மருந்து எல்லாம் சேர்ந்தன. விமானத்தில் அனுப்பினார்கள். ஆனால் பொருள்கள் ஏழைகள் கைக்குப் போகவில்லை, அந்த நாட்டுப் படையினரே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் நேரில் வந்து நின்றால் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று நினைத்தார் கிளெமென்டே. புறப்பட முடிவு செய்தார்.

அன்று டிசம்பர் 31. போர்ட்டோ ரிக்கோவில் குடும்பம் முழுவதும் ஒன்றுகூடும் நாள். மனைவி வேராவையும் மூன்று சிறு மகன்களையும் விட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். கிடைத்த விமானமோ பழையது. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஒரு விபத்தில் சேதமடைந்திருந்தது. அதில் ஏற்றிய சுமையும் அளவுக்கு மேல் சுமார் 1,900 கிலோ அதிகம் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. இரவு ஒன்பது மணி தாண்டிக் கிளம்பிய விமானம் சற்று நேரத்திலேயே கடலில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

புத்தாண்டு விடிந்தபோது மக்கள் கடற்கரையில் கூடிக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊர் கொண்டாட்டங்கள் எல்லாம் ரத்தாகின. பிட்ஸ்பர்க் அணியிலிருந்து தோழர்கள் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தார்கள். மேனி சாங்கியென் என்ற ஆட்டக்காரர் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. எங்கே போனார் தெரியுமா? தேடுபவர்களோடு சேர்ந்து கடலில் முங்கி முங்கித் தன் நண்பனைத் தேடிக்கொண்டிருந்தார். கிளெமென்டேயின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பால் வீரர்களுக்கான புகழ் மண்டபம் இருக்கிறது. ஆட்டத்திலிருந்து விலகி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே அதில் ஒருவரைச் சேர்ப்பது விதி. கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1973 மார்ச்சில் நடந்த தனி வாக்கெடுப்பில் 424 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த மண்டபத்தில் நுழைந்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். அதே ஆண்டில் ஒரு விருதுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆட்டத்தோடு பொதுச்சேவையிலும் சிறந்து விளங்கும் வீரர் ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதைக் கொடுக்கிறார்கள். 2001ல் திறந்த பிட்ஸ்பர்க் மைதானத்தில், அவர் வழக்கமாக நிற்கும் வலது கோடியில் சுவரை 21 அடி உயரம் வைத்துக் கட்டினார்கள். ஏன் 21 என்று உங்களுக்கே தெரியும்.

புகழ் மண்டபத்தில் ஒவ்வொரு வீரருக்கும் வெண்கலப் பலகை உண்டு. 1973ல் கிளெமென்டேக்கு வைத்த பலகையில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே’ என்று! நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக முன்னால் போடுகிறோம். அவர்கள் வழக்கப்படி தன் பெயருக்குப் பின் அப்பாவின் குடும்பப்பெயர், கடைசியில் அம்மாவின் குடும்பப்பெயர். வாக்கர் என்பது அம்மா வழிப் பெயர்; கடைசியில்தான் வர வேண்டும். இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் பலகை அப்படியே சுவரில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதை எடுத்துவிட்டுப் புதிய பலகை செய்து மாட்டினார்கள். அதில் ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்று சரியாக இருக்கிறது.