நோயாளர்க்குப் பணிவிடை செய்த புனித அன்னை தெரேசா

செப்டம்பர் 5-ஆம் நாளை நம் வட்டாரம் எளிதில் மறக்காது. 2012-ஆம் ஆண்டு அந்நாளில்தான் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து, 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பலர் தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தனர். அதே நாள் அன்னை தெரேசாவின் திருநாளும் ஆகும். தீப்புண் பட்டவரைப் பக்குவமாய்ப் புரட்டிப் படுக்கவைத்து, கட்டு மாற்றி, கஞ்சி ஊட்டி, மலசலம் எடுக்கும் கைகளின் அருமையை நம் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வேலையை அன்னையும் உட்கார்ந்து கற்றார் என்பதைப் பலர் அறியார்.

1910 ஆகஸ்டு 26-இல் ஸ்கோப்யே நகரில் பிறந்த ஆக்னஸ், லொரேட்டோ சபையில் சேர்ந்து, 1929 ஜனவரியில் கல்கத்தா வந்தார். எண்டாலியில் புனித மரியாள் பள்ளியின் ஆசிரியையாகி, பின்னர் தலைமையாசிரியையும் ஆனார். 1946 செப்டம்பர் 10-இல் டார்ஜிலிங் செல்லும் இரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்கு உழைக்க வேண்டும் என்ற இறை அழைப்பை உணர்ந்தார்.

1948 ஆகஸ்டில் நீலக்கரை வெள்ளைச் சேலை உடுத்தி மடத்தை விட்டு வெளியேறிய அன்னை, நேரே சேரிக்குப் போய்விடவில்லை. பாட்னாவில் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் நடத்திவந்த திருக்குடும்ப மருத்துவமனைக்குச் சென்றார். பள்ளியையே நடத்தியவர், 38-ஆம் வயதில் மாணவியானார். படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், மருந்து கொடுக்கவும், பிரசவத்தில் உதவவும் கற்றார். நல்ல மனம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது, கைப்பழக்கமும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

அங்கே மற்றொரு பாடமும் கிடைத்தது. தம் சகோதரிகள் ஏழைகளைப்போல் சோறும் உப்பும் மட்டுமே உண்ண வேண்டும் என அன்னை எண்ணியிருந்தார். உடல் மெலிந்தவர் தாமே நோயில் விழுவார், பிறகு யாருக்குத்தான் பணி செய்வார் என்று மருத்துவமனைச் சகோதரிகள் எடுத்துரைத்தனர். அன்னை தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தா திரும்பி, மோதிஜீல் சேரியில் பணி தொடங்கினார். 1950 அக்டோபர் 7-இல் அவரது சபை அங்கீகாரம் பெற்றது. 1952 ஆகஸ்டு 22-இல் காளிகாட் கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் நிர்மல் இருதயம் இல்லம் திறந்தார். தெருவோரம் சாகக் கிடந்தோர் அங்கே குளிப்பாட்டப்பட்டனர், புண் துடைக்கப்பட்டனர், அவரவர் சமய முறைப்படி அடக்கமும் பெற்றனர். 1997-இல் இறைவனடி சேர்ந்த அன்னை, 2016 செப்டம்பர் 4-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! மருத்துவமனைகளில் உதவியாளராகவும் ஆயாவாகவும் உழைக்கும் நம் பெண்களை ஏளனமாய்ப் பார்ப்போரும் உண்டு. அன்னை விரும்பிக் கற்ற வேலையே அவர்களுடையது. வெடி விபத்தில் முடங்கிய கணவனையோ மகனையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் தாய்மாரும் நம்மிடையே உள்ளனர். தாம் உண்ணாமல், உறங்காமல் ஓடாய்த் தேயும் அவர்களைப் பார்ப்பது யார்? வாரம் ஒரு முறையேனும் அத்தகைய வீட்டில் நோயாளியின் அருகில் நாம் அமர்வோம். அந்தத் தாய் நிம்மதியாய் ஒரு வேளை உண்டு உறங்கட்டும். அன்னையின் திருநாளுக்கு நாம் செலுத்தக்கூடிய நல்ல காணிக்கை அதுவே.