மிஞ்சியிருந்த இடம்: டபிள் பேஸ் மேதை பொத்தெசினி

மேல்நாட்டு வாத்தியக் குழு ஒன்று மேடையில் இருக்கும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். முன்னால் வயலின்கள், நடுவில் குழல்கள், பின்னால் முரசுகள். ஓரத்தில் சிலர், ஆளுயரத்தை எட்டும் பெரிய வாத்தியங்களை அணைத்துப் பிடித்தபடி நிற்பார்கள். வயலினின் மூத்த அண்ணன் போலத் தோன்றும் அந்த வாத்தியத்தின் பெயர் டபிள் பேஸ். வில் கொண்டு வாசிக்கும் வாத்தியங்களில் மிகத் தாழ்ந்த குரல் அதனுடையது. வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, வாத்தியக் குழுவுக்கு அது அப்படி. ஆனால் வீட்டைப் பார்க்க வருபவர் அத்திவாரத்தைக் குனிந்து பார்ப்பதில்லையே!

அந்த அத்திவார வாத்தியத்தைத் தனியே மேடையின் நடுவில் நிறுத்தி, மனிதக் குரல் போலப் பாட வைத்த ஒருவரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜொவான்னி பொத்தெசினி. அவர் அந்த வாத்தியத்தைத் தாமாக விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை என்பதே இக்கதையின் தொடக்கம்.

வட இத்தாலியில், லொம்பார்தி மாநிலத்தில், கிறேமா என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1821ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22ஆம் திகதி பொத்தெசினி பிறந்தார். தகப்பனார் பியெத்றோ கிளாரினெற் வாசிப்பவர். இசை இயற்றவும் வல்லவர். ஆயினும் வீட்டில் பணம் குறைவு. மகனுக்கு முதற் பாடங்களை அவரே சொல்லிக் கொடுத்தார். பின்னர் கார்லோ கொலியாத்தி என்ற ஆசிரியரிடம் சிறுவன் வயலின் பயின்றான். பாடகர் குழுவில் மெல்லிய உச்சக் குரலில் பாடினான். பதினொரு வயது நிரம்புமுன்னரே ஊர் அரங்கின் வாத்தியக் குழுவில் முரசும் அடித்தான். பாட்டு, வில், தாளம் என்ற மூன்றும் அப்பிள்ளைக்கு வீட்டுப் பழக்கமாகிவிட்டன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாசகரே. பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

1835ஆம் ஆண்டில், மகனை மிலான் இசைக் கல்லூரியில் சேர்க்கத் தகப்பனார் முயன்றார். கட்டணம் செலுத்த வழியில்லை. புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டுமே படிக்கலாம். விசாரித்தபோது இரண்டே இரண்டு இடங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று பசூன் என்ற பெருங்குழலுக்கு. மற்றது டபிள் பேஸுக்கு. வயலினுக்கு இடமில்லை. பதின்மூன்று வயதுப் பையன் டபிள் பேஸ் என்றான். வில்லால் வாசிப்பதாயிற்றே, வயலினுக்குக் கொஞ்சமாவது கிட்ட இருக்கிறதே என்று எண்ணியிருக்கலாம். சில வாரங்களே ஆயத்தம் செய்து பரீட்சைக்குப் போனான். வாசிக்கையில் சுரங்கள் பிசகினவாம். பையன் அதை மறைக்காமல் பிழையை ஒப்புக்கொண்டு, விரலை எங்கே வைப்பதென்று தெரிந்துவிட்டால் இனி இப்படி நேராது எனப் பரீட்சகர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. எப்படியோ, இடம் கிடைத்தது.

விரலை எங்கே வைப்பது என்பது இந்த வாத்தியத்தில் சிறிய கேள்வியன்று. வயலினில் ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். டபிள் பேஸிலோ ஒரு மீற்றருக்கும் சற்றுக் கூட. வயலின்காரர் கையை அசைக்காமலே நான்கு விரல்களாலும் பல சுரங்களைத் தொட்டுவிடுவார். டபிள் பேஸின் கழுத்து மேற்பகுதியில், விரல்களை நன்றாக விரித்தாலும் ஒரு முழுச் சுரத்தின் தூரத்தையே கை எட்டும். அடுத்த சுரத்துக்குக் கையே இடம்பெயர வேண்டும். நரம்போ தடித்தது, வில் பட்டதும் உடனே பேசாது. ஆகவே வேகமாக வாசித்தால் ஒலி கலங்கிப்போகும்; மெதுவாக வாசித்தால் சிறு பிசகும் வெளியே தெரியும். அக்காலத்தில் இவ்வாத்தியத்துக்கென்று தனி இசை எழுதுவோர் மிகச் சிலராக இருந்ததில் வியப்பில்லை.

முன்னோடிகள் இல்லாமலில்லை. வெனிஸ் நகரத்தவரான தொமேனிக்கோ திறகொனெத்தி (1763–1846) இலண்டனில் அரை நூற்றாண்டு காலம் டபிள் பேஸ் வாசித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவரது வலிமையையும் திறமையையும் கண்டு ஐரோப்பா வியந்தது. அவருக்குப்பின் வந்த பொத்தெசினியோ, அதே வாத்தியத்திடம் வேறொன்றைக் கேட்டார்.

மிலானில் லுயிஜி றொஸ்ஸி என்ற ஆசிரியரிடம் நான்கு ஆண்டுகள் பயின்றார். 1839இல், தனி வாசிப்புக்கான 300 பிராங்குப் பரிசுடன் கல்லூரியை விட்டு வெளியேறினார். அந்தப் பணத்தைக் கொண்டு வாத்தியம் ஒன்றை வாங்கினார். மிலான் நகரத்துத் தெஸ்தோரே குடும்பத்தார் 1716இல் செய்த டபிள் பேஸ் அது. பொம்மலாட்டக் கொட்டகை ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று சொல்வார்கள். மிஞ்சியிருந்த இடத்தைப் பெற்ற மாணவனுக்கு, மூலையில் மிஞ்சிக் கிடந்த வாத்தியம் துணையாயிற்று. அதன்பின் அவர் புகழெல்லாம் அந்த ஒரே வாத்தியத்தோடு இணைந்தது.

1840இல் சொந்த ஊரான கிறேமாவில் கச்சேரி செய்தார். 1846இல், கல்லூரித் தோழரான வயலின் கலைஞர் லுயிஜி ஆர்தித்தியுடன் கடல் கடந்து கியூபாவின் ஹவானா நகருக்குச் சென்றார். அங்கே இத்தாலிய ஒப்பராக் குழுவில் முதல் டபிள் பேஸ் கலைஞரானார். அவரது முதல் ஒப்பராவும் அந்நகரிலேயே அரங்கேறியது. கொலம்பஸின் கதை அது. 1849இல் இலண்டன் மாநகர் அவரை முதன்முறையாகக் கேட்டது. பின்னர் இங்கிலாந்து அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது. டபிள் பேஸின் பகனினி என்று மக்கள் அவரைப் போற்றினர். பகனினி என்பவர் யாரும் எட்டாத உயரத்தில் வயலின் வாசித்த இத்தாலிய மேதை.

அவர் அப்படி என்னதான் செய்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நரம்பு. அவர் வாத்தியத்தில் மூன்றே நரம்புகள். தனிக் கச்சேரிக்காக அவற்றை வழக்கத்திலும் உயர்ந்த சுருதிக்கு முறுக்கினார். அதனால் மந்தமாக முனகும் ஒலி தெளிந்து, கூட்டத்தின் கடைசி வரிசைவரை சென்றது. இன்றும் தனி வாசிப்புக்கு ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சுருதி கூட்டும் வழக்கம் உண்டு.

இரண்டாவது, வில். திறகொனெத்தி வழியினர் வில்லின் அடியைக் கீழிருந்து பிடித்து, மரம் அறுப்பவர் வாளை இழுப்பதுபோல் இழுத்தனர். பொத்தெசினி செலோ வாசிப்பவரைப் போலக் கையை வில்லின் மேல் வைத்துப் பிடித்தார். நீண்ட வில்லில் நீண்ட மூச்சு கிடைத்தது. பாடகர் ஒருவர் ஒரே மூச்சில் ஓர் அடியை முழுவதும் பாடி முடிப்பதுபோல், அவர் ஒரே இழுப்பில் மெட்டின் ஓர் அடியை முடித்தார். வில் பிடிக்கும் அந்த இரண்டு முறைகளின் வழிவந்தவர்களும் இன்று உலகெங்கும் இருக்கின்றனர்.

மூன்றாவது, தொடுகை. நரம்பைப் பலகையோடு அழுத்தாமல், அதன் சரிபாதியிலோ, மூன்றிலொரு பங்கிலோ, நான்கிலொரு பங்கிலோ விரல்நுனியால் மெல்லத் தொட்டு வில்லை இழுத்தால் புல்லாங்குழலை ஒத்த மெல்லொலி மேலே எழும். நரம்பு நீளமாக இருப்பதால் இந்த ஒலிகள் டபிள் பேஸில் நிறையக் கிடைக்கும். வாத்தியத்தின் பாரம் எனப்பட்ட அதே நீளம் அவர் கையில் செல்வமாயிற்று. ஆழத்தில் தொடங்கும் மெட்டு, படிப்படியாய் ஏறி, பெண்குரல் பாடும் இடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி இறங்கும்.

இந்த மூன்றும் கருவிகளே. அவற்றைக் கொண்டு அவர் சேவித்தது பாட்டை. பெல்லினி, தொனிசெத்தி ஆகியோரின் ஒப்பராக்களில் பாடகர்கள் பாடிய முறை அவர் காதில் ஊறிக் கிடந்தது. கிறேமாவில் பாடகர் குழுவில் நின்ற சிறுவன் வளர்ந்து பெரியவனானபோதும், அவன் கையிலிருந்த வாத்தியந்தான் மாறியது. ஒப்பராவை வழிநடத்தும் இரவுகளில், இடைவேளையின்போது தமது டபிள் பேஸை மேடைக்குக் கொண்டுவந்து, சற்றுமுன் பாடகர்கள் பாடிய மெட்டுகளையே விரித்து வாசிப்பாராம். அதே பாட்டை மனிதக் குரலில் கேட்ட செவிகளுக்கு முன்னால், அத்தனை பெரிய வாத்தியத்தில் அதை வாசிப்பது எத்தனை துணிவு!

வாசிப்போடு நில்லாமல் குழுக்களை வழிநடத்துவதிலும் அவர் புகழ் வளர்ந்தது. 1855 முதல் 1857 வரை பாரிஸில் இத்தாலிய ஒப்பராவை வழிநடத்தினார். பின்னர் பலேர்மோ, பார்சலோனா என்று பல நகரங்கள். பெரும் இசையமைப்பாளர் வேர்டி அவருக்கு நண்பர். வேர்டியின் அயீதா என்ற ஒப்பரா எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் முதன்முதலாக அரங்கேறியபோது அதை வழிநடத்தியவர் பொத்தெசினியே. அது 1871ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முந்திய இரவு. வேர்டி கெய்ரோவுக்குப் போகவில்லை. ஒத்திகைகள் எப்படி, இறுதிக் கட்டம் எப்படி ஒலிக்கிறது என்று கடிதம் மூலம் நண்பரிடம் கேட்டறிந்தார். தம் படைப்பைத் தாமே கேட்க முடியாத ஒருவர், இன்னொருவரின் காதை எவ்வளவு நம்பினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் இயற்றியவையும் பல. ஏறோவும் லெயாந்திறோவும் என்ற ஒப்பரா 1879இல் துரின் நகரில் அரங்கேறியது. அதற்குப் பாடல் நூல் எழுதிய அரிகோ பொயித்தோ பின்னர் வேர்டியின் ஒதெல்லோவுக்கும் எழுதியவர். இறந்தோருக்கான திருப்பலி இசை ஒன்றும் பொத்தெசினி தந்தார். நம் ஆண்டவர் ஒலிவத் தோட்டத்தில் பட்ட வேதனையைப் பொருளாகக் கொண்ட அவரது பேரிசை, 1887இல் இங்கிலாந்தின் நொரிச் நகர இசை விழாவில் பாடப்பட்டது. ஆயினும் வாழ்நாளெல்லாம் அவர் உழைத்து எழுதிய ஒப்பராக்கள் இன்று மேடையேறுவது அரிது. மிஞ்சியிருந்த இடத்துக்கென்று எடுத்த அந்த வாத்தியத்துக்கு எழுதியவையே நிலைத்தன. அவரது இரண்டாவது கொன்சேர்ற்றோவை இன்று டபிள் பேஸ் மாணவர்கள் உலகெங்கும் பயில்கிறார்கள். அவர் எழுதிய பயிற்சி நூலும் தலைமுறைகளுக்கு ஆசானாய் இருந்து வருகிறது.

வேர்டியின் பரிந்துரையால் பார்மா நகரின் இசைக் கல்லூரிக்கு அவர் தலைவரானார். அப்பதவியில் சில மாதங்களே இருந்தார். 1889ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி பார்மாவில் அவர் கண்மூடினார். வயது 67. பகனினி அடக்கம் பண்ணப்பட்டிருக்கும் அதே சேமக்காலையில் அவரும் துயில்கிறார்.

அவர் வாசித்த ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எழுதியவற்றை இன்றைய கலைஞர்கள் வாசித்த பதிவுகள் உண்டு. எலெஜி என்ற இரங்கற் பாட்டு ஒன்று இருக்கிறது. சில நிமிடங்களே நீளும். முதலில் அதைக் கேளுங்கள். இதுவரை இவ்வாத்தியத்தைத் தனியே கேட்டிராதவர் ஆரம்பத்தில் சற்றுத் தடுமாறலாம். ஒரு முறை மெட்டை மட்டும் பின்தொடருங்கள். யாரோ ஒருவர் சொற்களின்றிப் பாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கை வழுக்கிச் செல்லும் இடங்களைக் கவனியுங்கள். குரல் தழுதழுப்பது போன்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. மூன்றாம் முறை, உச்சத்தில் எழும் மெல்லொலிக்குக் காத்திருங்கள். அது வருமுன் வாசிப்பவர் விடும் சிறு அமைதியையும் கேளுங்கள். எத்தனை வேகம் என்று எண்ண வேண்டாம். வேகத்தில் வயலின் என்றும் முந்திக்கொள்ளும். இத்தனை பாரமான ஒன்று எப்படி இத்தனை மென்மையாய்ப் பேசுகிறது என்பதே இங்கே சுவை.

வாசகரே, விரும்பிய பாடத்துக்கோ விரும்பிய கல்லூரிக்கோ இடம் கிடைக்காமல், கிடைத்ததை எடுத்துக்கொண்ட பிள்ளை ஒருவன் உங்கள் வீட்டிலும் இருக்கக் கூடும். அவனுக்குப் புத்தி சொல்ல அவசரப்பட வேண்டாம். மாலைச் செபம் முடிந்த ஓர் இரவில் அவனைப் பக்கத்தில் இருத்தி, பொத்தெசினி எப்படி டபிள் பேஸ்காரன் ஆனார் என்ற கதையைச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக அந்த இரங்கற் பாட்டைக் கேளுங்கள்.