குளிர்காலத்தில் சும்மா நின்ற கப்பல்... க்ரூஸ் டூரைத் தொழிலாக்கிய ஆல்பர்ட் பாலினின் கதை!

க்ரூஸ் கப்பல் ரீல்ஸ் பார்க்காதவர்கள் இப்போ யாராவது இருக்கோமா? மேல்தளத்தில் நீச்சல் குளம், விடிஞ்சதிலிருந்து ராத்திரி வரைக்கும் பஃபே, இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு இன்னொரு ஊர். எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரமே இல்லாமல், கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறுவது. இதை ஒரு தொழிலாகவே மாற்றிக் காட்டியவர், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின். சொகுசில் பிறந்தவர் இல்லை. அவர் முதன்முதலில் காசு பார்த்ததும் பணக்காரப் பயணிகளிடம் இல்லை.

1857-ல், நிறைய பிள்ளைகள் இருந்த ஒரு யூதக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் பாலின். அப்பா டென்மார்க்கிலிருந்து வந்தவர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்துதரும் சின்ன ஏஜென்சி ஒன்றில் பங்குதாரர். 1874-ல் அவர் இறந்தபோது, ஆல்பர்ட்டுக்கு வயது 17. அந்த வயசிலேயே ஏஜென்சி வேலையில் இறங்கிவிட்டார்.

அங்கேதான் அவருடைய வியாபார மூளை வேலை செய்தது. 1881 வாக்கில், எட்வர்ட் கார் என்ற கப்பல் முதலாளியோடு கைகோத்தார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எல்லாம் கிடையாது. சரக்குக் கப்பலிலேயே படுக்கைகளைப் போட்டு, ஏழைகளை மட்டும் ஏற்றுவது. திரும்பி வரும்போது சரக்கு. பணக்காரப் பயணிகள் இல்லாததால், மேல்தளம் முழுக்க ஏழைகளுக்கே. டிக்கெட் விலையும் கம்மி. அதே ஊரின் ஜாம்பவான் நிறுவனமான ஹபாக், இந்த விலைப்போட்டியில் திணறிப்போனது. கடைசியில் 1886-ல் பாலினையே கூப்பிட்டு, பயணிகள் பிரிவை அவர் கையில் கொடுத்துவிட்டது. அப்போ அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை!

1889-ல் ஹபாக்கின் புதுக் கப்பல் அகஸ்டா விக்டோரியா ஓடத் தொடங்கியது. ஜெர்மன் பேரரசியின் பெயர்தான். ஆனால் அவர் பெயர் அகஸ்டே விக்டோரியா. ஒரு எழுத்து தப்பு! 1897-ல்தான் அதைத் திருத்தினார்கள். அதைவிடப் பெரிய தலைவலி, குளிர்காலம். பனியும் புயலுமாக இருக்கும் அட்லாண்டிக்கைத் தாண்ட அந்த மாதங்களில் ஆள் வருவது ரொம்பக் குறைவு. கப்பல் சும்மா நின்றாலும் சம்பளமும் பராமரிப்புச் செலவும் நிற்காதே.

வெயில் அடிக்கிற பக்கம் கப்பலைத் திருப்பினால் என்ன என்று பாலின் யோசித்தார். 1891 ஜனவரி 22-ம் தேதி, 241 பயணிகளோடு அகஸ்டா விக்டோரியா மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. கிட்டத்தட்ட இரண்டு மாதச் சுற்றுலா. பாலினும் மனைவி மரியானாவும்கூடப் போனார்கள். எகிப்தில் இறங்கி பிரமிடு பார்த்துவிட்டு, மறுபடி கப்பலில் ஏறி, அதே அறையில் தூங்கலாம். மூட்டை முடிச்சைக் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. கடல் சுற்றுலா அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1840-களிலேயே பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று விளம்பரம் செய்தது. ஆனால், வருஷா வருஷம் கால அட்டவணை போட்டு ஓட்டும் வியாபாரமாக அதை நிலைநிறுத்தியதில் பாலினுக்குத்தான் பெரிய பங்கு.

அடுத்து, சுற்றுலாவுக்காகவே ஒரு கப்பல். பிரின்செஸின் விக்டோரியா லூயிஸே, 1900-ல் கடலில் இறக்கப்பட்டது. முழுக்க முதல் வகுப்பு அறைகள். புகைப்படம் எடுப்பவர்களுக்கு இருட்டறைகூட உண்டு! ஆனால் 1906 டிசம்பரில், ஜமைக்கா கரையருகே பாறையில் மோதியது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். கேப்டன் தன் அறைக்குப் போய் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

பாலினிடம் எனக்குப் பிடித்தது, அவருடைய குறிப்பெடுக்கும் பழக்கம். தன் கப்பலில் ஒரு பயணியாகவே போவார். டோஸ்ட் சூடாக வருகிறதா, டவல் போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைப்பார். டாய்ச்லாண்ட் என்ற அதிவேகக் கப்பல் சாதனை படைத்தாலும், அதன் அதிர்வில் பயணிகள் நொந்துபோனார்கள். வேகத்துக்கு அத்தோடு கும்பிடு. 1905-ல் வந்த அமெரிக்கா கப்பலில் ரிட்ஸ் பெயரில் தனி ரெஸ்டாரன்டே திறந்தார்.

இன்னொரு பக்கம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம். 1892-ல் ஹாம்பர்க்கில் காலரா வந்து 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழி அந்த அகதிகள் மேல்தான் விழுந்தது. 1901-ல் வெட்டல் தீவில் அவர்களுக்காகத் தங்குமிடங்கள் கட்டினார் பாலின். படுக்கை, மருத்துவப் பரிசோதனை, யூதர்களுக்குத் தனிச் சமையலறை எல்லாம் இருந்தன. இதில் இரக்கம் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. அமெரிக்கா திருப்பி அனுப்பும் ஆளைக் கம்பெனிதான் தன் செலவில் கூட்டிவர வேண்டும். 1913-ல் ஓடத் தொடங்கிய ராட்சதக் கப்பல் இம்பெரேட்டரில் ரோமானிய பாணி நீச்சல் குளம் எல்லாம் இருந்தது. ஆனால், ஏற்ற முடிந்த சுமார் 4,200 பயணிகளில் முதல் வகுப்புக்காரர்கள் 900 பேர்தான். பாதிக்கும் மேல், கீழ்த்தட்டில் போன சாமானியர்கள்.

இதற்குள் ஹபாக், உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனமாகிவிட்டது. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பாலின் வீட்டுக்கே விருந்துக்கு வருவார். மதம் மாறாத ஒரு யூதருக்கு அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. பிரிட்டனோடு போர் வந்தால் தன் கப்பல்களுக்கு என்ன ஆகும் என்பது பாலினுக்குத் தெரியும். 1912-ல் இரு நாடுகளுக்கும் இடையே சமரசப் பேச்சு நடக்க ஓடியாடி வேலை செய்தார். 1914 ஜூலையில்கூட லண்டனுக்குப் போய் அமைச்சர்களைச் சந்தித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் போர் வெடித்தது.

அவருடைய இன்னொரு ராட்சதக் கப்பலான ஃபாட்டர்லாண்ட், நியூயார்க் பக்கத் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டது. 1917-ல் அமெரிக்கா அதைப் பறிமுதல் செய்து, லெவியாதன் என்று பெயர் மாற்றி, ஜெர்மனிக்கு எதிராகச் சண்டையிடும் வீரர்களை அதிலேயே ஏற்றி அனுப்பியது. பாலினுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1918 நவம்பரில் ஹாம்பர்க்கில் புரட்சி. ஹபாக் அலுவலகத்துக்குள்ளும் புரட்சிக்காரர்கள் புகுந்தார்கள். ஏற்கெனவே தூக்கமில்லாமல் தவித்த பாலின், அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் நடந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நவம்பர் 9 அன்று, 61 வயதில் இறந்துபோனார். பேரரசர் பதவி விலகிய செய்தி வந்ததும் அதே நாளில்தான்.

போருக்குப் பிறகு இம்பெரேட்டர், பிரிட்டனின் பெரெங்காரியா ஆனது. அவர் காலத்தில் கடலில் இறக்கப்பட்ட பிஸ்மார்க்கும் பிரிட்டனுக்கே போய், மெஜஸ்டிக் என்ற பெயரில் 1935 வரை உலகின் மிகப்பெரிய கப்பலாக ஓடியது. ஹபாக் 1920-களில் ஒரு புதுக் கப்பலுக்கு ஆல்பர்ட் பாலின் என்று பெயர் வைத்தது. யூதர் பெயரில் கப்பலா என்று, 1935-ல் நாஜி அரசு அதை ஹான்சா என்று மாற்றவைத்தது. 1945-ல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய அந்தக் கப்பலை சோவியத் நாடு மீட்டெடுத்து, சோவியத்ஸ்கி சோயூஸ் என்ற பெயரில், 1980-களில் உடைக்கும் வரைக்கும் வைத்திருந்தது.